10 கிலோ சாமை, 5.3 கிலோ அரிசி: மிச்சம் எங்கே போச்சு?

இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. 10 கிலோ சாமையை மில்லில் கொடுத்தால் எத்தனை கிலோ சாமை அரிசி திரும்ப வரும்?

யாரைக் கேட்டாலும் பதில் தயாரா இருக்கும். "ஆறு, ஏழு கிலோ வரும்." பொதுவாகச் சொல்லப்படுற கணக்கும் அதுதான். நூற்றுக்கு 60-லிருந்து 70 வரை. நான் ஜவ்வாது மலையில் காவலூர் பக்கத்துல ஒரு குடும்பத்துக்கிட்ட 10 கிலோ சாமை வாங்கி, அடிவாரத்துல ஒரு சின்ன மில்லில் கொடுத்தேன். பையில ஒரு டிஜிட்டல் தராசும் எடுத்துக்கிட்டுப் போனேன். கடைசியில் கைக்கு வந்த முழு அரிசி 5.3 கிலோ.

யாரும் திருடல. மெஷின் கெட்டுப்போகல. தானியமும் மோசமில்ல. அப்புறம் ஏன் குறைஞ்சது? இதுதான் இன்னைக்குப் பேசப்போறது. கடையில சாமை அரிசி விலையைப் பார்த்து "சிறுதானியம்னு சொல்லிக் கொள்ளையடிக்கிறாங்க"ன்னு முணுமுணுத்திருந்தீங்கன்னா, இது உங்களுக்கான எபிசோட்.

எல்லாமே பெருக்கல்

காவலூர்னு சொன்னதும் பலருக்கு ஞாபகம் வருவது வைணு பாப்பு வானாய்வகம். அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோட ஒரு தொலைநோக்கி இருக்கு. 1986 ஜனவரி 6-ஆம் தேதி ராஜீவ் காந்தி திறந்து வைத்தது. நம்ம கேள்விக்கான முதல் பாடத்தை அங்கிருந்தே எடுத்துக்கலாம்.

தொலைநோக்கியின் கண்ணாடிமேல மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும். புதுசாப் பூசினா, விழுகிற வெளிச்சத்தில் சுமார் 90 சதவீதம் திரும்பும். 90 என்பது நல்ல மதிப்பெண். அந்த வெளிச்சம் இரண்டாவது கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது, 90-ல் 90 சதவீதம், அதாவது 81. அதுக்கப்புறம் கேமராவோட சில்லு. அது தன்மேல விழுற வெளிச்சத்தில் 80 சதவீதத்தைப் பதிவு செய்யுதுன்னு ஒரு கணக்குக்கு வெச்சுக்குவோம். இப்போ கையில இருக்கிறது 65. ஒவ்வொரு படியிலும் வேலை நல்லாத்தான் நடக்குது. ஆனாலும் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல காணோம். கண்ணாடியில தூசி படிஞ்சா இன்னும் குறையும். அதனாலதான் பழைய பூச்சை எடுத்துட்டு மறுபடி பூசுறாங்க.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது பழகின விஷயம். ஒன்றையொன்று நம்பி நிற்கிற பத்து சர்வீஸ், ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் சரியா ஓடுதுன்னா, மொத்த சிஸ்டம் 99 இல்ல, 90-தான். ஏன்னா இழப்புகள் பெருகும்.

பீர் காய்ச்சுபவர்கள் இந்தக் கணக்கை எப்படிப் போடுறாங்க

காலேஜ்ல என்கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் இப்போ அமெரிக்காவில் இருக்கான். வார இறுதியில் வீட்டிலேயே பீர் காய்ச்சுறான். அங்கே 1978-ல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்துக்குப் பிறகு, வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சினா மத்திய அரசின் வரி கிடையாது. நம்ம ஊரில் அது குற்றம். 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கு. அதனால யாரும் இதைக் கேட்டுட்டு பால்கனியில் பானையை வைக்காதீங்க. நமக்கு அவங்களோட பீர் வேண்டாம், கணக்குப் புத்தகம் போதும்.

அவங்க செய்றது இதுதான். முளைகட்டிக் காயவெச்ச பார்லிதான் மால்ட். அதை உடைச்சு, 65, 67 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைப்பாங்க. மாவுச்சத்து சர்க்கரையாக மாறித் தண்ணியில் இறங்கும். அந்த இனிப்புத் தண்ணிதான் பின்னாடி நொதிச்சு பீர் ஆகும்.

ஒரு கிலோ மால்ட்டில் இருந்து அதிகபட்சம் எவ்வளவு சர்க்கரை இறங்கும்னு அவங்களுக்குத் தெரியும். அவங்க அளவில் சொன்னா கிலோவுக்கு ஏறத்தாழ 300 புள்ளி. 5 கிலோ போட்டா 1500. அதை 20 லிட்டரில் பரப்பினா லிட்டருக்கு 75. தண்ணியோட அடர்த்தி 1.000-ன்னா, இது 1.075 காட்டணும். ஆனா யாருக்கும் 1.075 வர்றதில்ல. 1.056 வந்தா, "எனக்கு 75 சதவீதம்"னு குறிச்சு வெச்சுக்குவாங்க. அடுத்த முறை அந்த 75-ஐ வெச்சே திட்டம் போடுவாங்க.

தண்ணிக்கும் இதே கணக்கு. 20 லிட்டர் வேணும்னா 20 லிட்டர் ஊற்ற மாட்டாங்க. கிலோவுக்குச் சுமார் ஒரு லிட்டர்னு தானியமே 5 லிட்டர் குடிச்சிடும். கொதிக்கும்போது மூணரை லிட்டர் ஆவியாப் போகும். பாத்திரத்தோட அடியில் ஒன்றரை லிட்டர் கசடா நிற்கும். அதனால ஆரம்பத்திலேயே 30 லிட்டர்.

இதில் கவனிக்க வேண்டியது மூணு விஷயம். ஒன்று, அதிகபட்சம் எவ்வளவு வரும் என்பதும் கைக்கு எவ்வளவு வரும் என்பதும் வேற வேற எண். ரெண்டு, ஒவ்வொரு இழப்புக்கும் தனிப் பெயர், தனி அளவு உண்டு. மூணாவது ரொம்ப முக்கியம். அடியில் நிற்கிற அந்த ஒன்றரை லிட்டர், நீங்க 20 லிட்டர் காய்ச்சினாலும் 10 லிட்டர் காய்ச்சினாலும் ஏறத்தாழ அதேதான். சின்னதாக் காய்ச்சுறவனுக்குத்தான் இழப்பு விகிதம் அதிகம். இந்த மூணாவதை மனசுல வெச்சுக்கிட்டு மலைக்கு வாங்க.

என் 10 கிலோவின் கணக்கு

மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி, சுத்தம் செய்த சாமையில் 100 கிராமைத் தனியா எடுத்தேன். அந்தக் குடும்பத்து அக்கா உரலில் மெதுவாகக் குத்தி, முறத்தில் புடைச்சு, உரிபடாததை மறுபடி குத்தி, ஒரு மணியும் வீணாகாம எடுத்துக் கொடுத்தாங்க. 73 கிராம் அரிசி. உமி மட்டும் போயிருக்கு, தவிடு அப்படியே இருக்கு. இதுதான் இந்தத் தானியத்தின் அதிகபட்சம்.

மில்லில் அண்ணன்கிட்ட கேட்டுக்கிட்டதால, எனக்கு முன்னாடி மெஷினைத் துடைச்சு ஓட்டினார். எல்லா வாயிலும் ஒரு சாக்கு கட்டி, எடை போட்டோம்.

கல், வைக்கோல் துண்டு, பதர்: 0.5 கிலோ.
உமி: 2.6 கிலோ.
தவிடு: 0.3 கிலோ.
நொய்: 0.5 கிலோ.
மெஷினுக்குள் தங்கியது: 0.5 கிலோ.
தூசியாப் பறந்து கணக்கில் சிக்காதது: 0.3 கிலோ.
முழு அரிசி: 5.3 கிலோ.

மொத்தம் 10. சுத்தம் செய்த பிறகு 9.5 கிலோ. அதில் 73 சதவீதம்னா 6.9 கிலோ. ஆக, ஊரில் சொல்ற "ஏழு கிலோ" பொய்யில்லை. ஆனா அது உரலில் ஒரு மணி விடாமக் குத்தினா வர்ற எண். மில்லில் அந்த 6.9-ல் 5.3-தான் முழு அரிசியா வந்தது. அதாவது 77 சதவீதம். 0.95, 0.73, 0.77. மூணையும் பெருக்குங்க, 0.53 வரும்.

இதைத் தமிழ்நாடு முழுக்கப் பொதுவான எண்ணா எடுத்துக்க வேண்டாம். ஒரு தானியம், ஒரு மில், ஒரு நாள். எண் மாறும், பட்டியல் மாறாது.

ஒவ்வொரு படியிலும் என்ன நடக்குது

முதல்ல ஈரம். அறுத்துப் போரடிச்ச தானியத்தில் 14 சதவீதம் ஈரம் இருக்குன்னு வைங்க. அதைக் காயவெச்சு 11-க்குக் கொண்டுவந்தா, 10 கிலோ 9.66 கிலோ ஆயிடும். 340 கிராம் காணாமப் போனது சாமை இல்ல, தண்ணி. ஈரத்தோட எடை போட்டு வாங்கி, காய்ஞ்ச பிறகு அரிசியை எடை போட்டா மில்மேல சந்தேகம் வரத்தான் செய்யும். அதே சமயம் ஈரம் அதிகமா இருந்தா உமி சட்டுனு உடையாது. ரொம்பக் காய்ஞ்சா உள்ளிருக்கிற அரிசியும் சேர்ந்து உடையும். சுமார் 10-லிருந்து 12 சதவீதம்தான் தோது. கருவி இல்லாதவங்க மணியைப் பல்லில் கடிச்சுப் பார்க்கிறாங்க. "டக்"னு உடைஞ்சா சரி. அமுங்கினா இன்னும் ஒரு வெயில் காயணும்.

ரெண்டாவது, மணியோட அளவு. ஆயிரம் நெல்மணி சுமார் 20, 25 கிராம் இருக்கும். ஆயிரம் சாமை மணி ரெண்டு, ரெண்டரை கிராம். கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. நெல்லுக்குன்னு செஞ்ச ரப்பர் உருளை மெஷினில் இவ்வளவு சின்ன மணியைப் பிடிச்சு உமி உரிக்கிறது கஷ்டம். அதனால சிறுதானியத்துக்கு வேற மாதிரி மெஷின். வேகமாகச் சுற்றுற ஒரு சக்கரம் மணியை எடுத்துச் சுவரில் அடிக்கும். அந்த மோதலில் உமி உடையணும், அரிசி உடையக்கூடாது. வேகம் குறைஞ்சா உமியோடவே வெளியே வரும், மறுபடி போடணும். வேகம் கூடினா நொய். பெருசும் சிறுசும் கலந்த தானியத்துக்கு எந்த வேகம் வெச்சாலும் யாருக்காவது அது தப்பான வேகம். அதனாலதான் முதல்ல சல்லடையில் அளவு பிரிக்கிறது. பிரிக்காமப் போட்டா அந்த இழப்பு நொய்யாகத் தெரியும், பழி மெஷின்மேல விழும்.

பீர் காய்ச்சுறவங்களுக்கும் இதே தலைவலிதான். மால்ட்டை உடைக்கிற உருளைகளுக்கு நடுவில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. அதிகமாக வெச்சா மாவு வெளியே வராது. குறைச்சா உமியும் தூளாகி வடிகட்டும்போது அடைச்சுக்கும். அவங்களுக்கு வடிகட்ட உமி வேணும், நமக்கு உமி போகணும். ஆனா ரெண்டு பேருமே கடைசி எண்ணில் பார்க்கிறது அந்த முதல் உடைப்போட விளைவைத்தான்.

மூணாவது, தவிடு. என் அரிசி பழுப்பாத்தான் இருந்தது. இன்னும் வெள்ளையா வேணும்னா இன்னொரு முறை தீட்டணும். இன்னும் தவிடு போகும், இன்னும் நொய் விழும். நார்ச்சத்தும் சில சத்துகளும் போகும். ஒரு பக்கம் நியாயமும் இருக்கு. தவிட்டில் எண்ணெய் இருக்கிறதால தீட்டாத அரிசி சில மாசத்தில் சிக்கு வாடை அடிக்கும், கடைக்காரர் அதை நினைச்சுப் பயப்படுறார். ஆனா "கொஞ்சம் வெள்ளையா இருக்கிறது குடுங்க"ன்னு நாம கேட்கிற ஒவ்வொரு முறையும், மலையில் விளைஞ்சதில் ஒரு பங்கு மாட்டுத்தீவனமாப் போகுது.

நாலாவது, மெஷினுக்குள் தங்கின அரை கிலோ. பீர் பாத்திரத்து அடியில் நின்ன கசடு ஞாபகம் இருக்கா? அதேதான் இது. நான் 10 கிலோ போட்டா அரை கிலோன்னா 5 சதவீதம். யாராவது 100 கிலோ போட்டா அதே அரை கிலோ, அரை சதவீதம். மத்த எல்லாம் அப்படியே இருந்தாலும் அவங்களுக்கு நூற்றுக்கு 57 கிட்ட வந்திருக்கும், எனக்கு 53. வழக்கமா யாரும் மெஷினைத் துடைச்சு ஓட்டுறதில்ல. முன்னாடி வந்தவரோட சாமை கொஞ்சம் உங்க சாக்குக்கு வரும், உங்களோடது அடுத்தவருக்குப் போகும். அண்ணன் சிரிச்சுக்கிட்டே சொன்னார், "காலைல மொத ஆளா வராதீங்க தம்பி, ரெண்டாவதா வாங்க."

இதில் யாருடைய பணம் போகுது

காவலூர் இப்போ திருப்பத்தூர் மாவட்டம். மலைமேல சாமை பெரும்பாலும் மானாவாரி. தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கிறாங்க. வானாய்வாளர்கள் எந்த மேகத்தைப் பார்த்துத் தொலைநோக்கியை மூடி வைக்கிறாங்களோ, அந்த மேகம்தான் சாமைக்கு வேணும். விளைஞ்சு வர்றது பல குடும்பங்களுக்குச் சில மூட்டைகள். அதிலும் வீட்டுக்குன்னு கொஞ்சம் கொஞ்சமாத்தான் அரிசியாக்குவாங்க. 10 கிலோ, 15 கிலோ. அதாவது எப்பவுமே சின்ன அளவு. எப்பவுமே அதிக இழப்பு.

ஒரு கணக்குக்கு சாமை கிலோ 40 ரூபாய்னு வெச்சுக்குவோம். 10 கிலோ 400 ரூபாய். 6.9 கிலோ அரிசி வந்தா, தானியத்துக்கு மட்டும் கிலோவுக்கு 58 ரூபாய். 5.3 வந்தா 75 ரூபாய். மில் கூலி, பஸ்ஸில் மூட்டை ஏற்றின காசு, பாக்கெட், கடை எல்லாம் அதுக்கு மேல. நீங்க கடையில் பார்க்கிற விலையோட ஆரம்பம் இந்த இடம். கொள்ளை எங்கேயாவது இருக்கலாம், ஆனா அதைத் தேடுறதுக்கு முன்னாடி இந்தப் பெருக்கலை முடிக்கணும்.

இந்தக் கணக்கு ஒத்துவராதப்போ ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வழி. ஒன்று, உமியோடவே வியாபாரிக்கிட்ட கொடுத்துடுறது. அரிசியாக்குறதால் கிடைக்கிற லாபம் மலையிறங்கிப் போயிடும். இன்னொன்று, பழையபடி உரலில் குத்துறது. 100 கிராமுக்கு அந்த அக்கா எடுத்துக்கிட்ட நேரத்தைப் பார்த்தேன். அந்த 73 சதவீதத்துக்குப் பின்னாடி ஒரு பெண்ணோட தோள்பட்டை இருக்கு. வயலில் வேலை முடிஞ்சு வந்து, நாலு பேருக்கு அரிசி குத்தி, அப்புறம் சமைக்கணும். மலைகளில் சிறுதானியம் குறைஞ்சதுக்கு ரேஷன் அரிசி, பணப்பயிர்னு பல காரணம் சொல்வாங்க. இந்த உலக்கையும் ஒரு பெரிய காரணம்.

இதைப் புரிஞ்சுக்கிட்டு வேலை செஞ்ச இடமும் இருக்கு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. அங்கே மரவள்ளி பரவி, சாமை, தினையெல்லாம் குறைஞ்சுக்கிட்டு வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதைகளைக் காப்பாற்றுற வேலையோட, கிராமங்களிலேயே சின்ன உமி நீக்கும் மெஷின்களை வைக்கவும் குழுக்கள் மூலமா அதை நடத்தவும் உதவினாங்க. "இது சத்தான உணவு, சாப்பிடுங்க"ன்னு சொல்றதோட நிற்காம, குத்துற வேலையைக் குறைச்சாங்க. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டா அறிவிச்சப்போ நகரத்தில் நாம பேசினது எல்லாம் சமையல் குறிப்புதான். மலையில் முதல் கேள்வி மில் எவ்வளவு தூரம் என்பது.

என்ன செய்யலாம்

ஒரு இன்ஜினியரா எனக்குத் தோணுறது, புது மெஷினுக்கு முன்னாடி ஒரு தராசும் நோட்டும். ஒரு ஊருக்கு ஒன்று போதும். தானியம் உள்ளே போகும்போது ஒரு எடை. அரிசி, நொய், உமி வெளியே வரும்போது ஒவ்வொன்றும் ஒரு எடை. ஐம்பது தடவை எழுதினா எந்தப் படியில் அதிகம் போகுதுன்னு நோட்டே சொல்லும். பதர் அதிகம்னா அறுவடை நேரத்தைப் பார்க்கணும். நொய் அதிகம்னா காயவைக்கிறதையும் சல்லடையையும் பார்க்கணும். தங்குறது அதிகம்னா நாலு குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் கொண்டுவரணும். ஒரே மாதிரி காய்ஞ்ச தானியமா இருந்தா கலந்து போட்டு, எடை விகிதப்படி பிரிச்சுக்கலாம். இதில் எதுக்கும் மானியம் தேவையில்ல. ஆனா எழுதி வைக்காதவங்களுக்கு "மில்காரன் ஏமாத்திட்டான்" என்கிற ஒரே விளக்கம்தான் மிஞ்சும். மில் அண்ணனுக்கும் அது நியாயம் இல்ல.

நகரத்தில் இருக்கிற நமக்கு மூணு சின்ன வேலை. பழுப்பு அரிசியையே கேளுங்க. ஒரு மாசத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்க, வாடை பிரச்சினை வராது. அப்புறம், நொய்யைக் கேட்டு வாங்குங்க. கஞ்சிக்கும் உப்புமாவுக்கும் அருமையா இருக்கும். என் 10 கிலோவில் அந்த அரை கிலோ நொய்யும் சாப்பாடா மாறினா, 5.3 என்பது 5.8 ஆகுது. மெஷினைத் தொடாமலே ஐந்து சதவீதம் மீண்டுடுச்சு. அதை உணவாக்குறது மில்லோட வேலை இல்ல, நம்மளோடது.

உங்க வீட்டுப் பக்கத்திலும் இப்படி ஏதாவது இருக்கும். செக்கில் கடலை கொடுத்து எண்ணெய் வாங்குறது, மிளகாய் காயவெச்சுத் தூளாக்குறது, வடகம் போடுறது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, நடுவில் எந்தெந்த வாய் வழியாப் போச்சுன்னு ஒரு தடவை எடை போட்டு எங்களுக்கு அனுப்புங்க. பிண்ணாக்கையும் சேர்த்து எடை போடுங்க, மறக்காதீங்க. நல்ல கணக்குகளை வெச்சு ஒரு எபிசோட் பண்ணுவோம்.

அடுத்த வாரம் வேற ஒரு விஷயத்தோட வர்றேன்.